முற்றத்திலிருந்து விண்கலம் காண்போர்

பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் சென்றபின், கீழ்வானம் கருகி மேல்வானத்தில் மட்டும் சிறிது வெளிச்சம் எஞ்சியிருக்கும் வேளையில், அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சில நாட்களில் ஒரு புதுமை புலப்படும். விண்மீன் போன்ற ஒளிப்புள்ளி ஒன்று, துடிப்பின்றி, ஓசையின்றி, ஒரு திசையிலே தோன்றி மறு திசை நோக்கி நிதானமாகச் செல்லும். ஆகாய விமானத்துக்குரிய சிவப்பு, பச்சை விளக்குகள் அதற்கில்லை. எரிமீனோ கண்ணிமைப் பொழுதில் மறைந்துவிடும். நாலைந்து நிமிடம் வானிற் சென்று, சில வேளைகளில் நடுவழியிலேயே விளக்கைத் தணித்தாற்போல மங்கி மறையும் அந்தப் புள்ளி, மனிதர் கையாற் செய்து வானில் ஏற்றிய கலமாகும். அதனுள்ளே மனிதர் இருத்தலுங் கூடும்.

இதனைக் கண்டு ஒரு கணம் வியந்து வீட்டினுட் செல்வோர் பலர். ஒரு சிலர் மட்டும் மறுநாள் வேளைக்கு முன்னதாகவே முற்றத்துக்கு வந்து, ஒரு தொலைகாட்டியை நிறுத்தி, பக்கத்தில் நேரம் பிழையாத கடிகாரமும் குறிப்புப் புத்தகமும் வைத்துக் காத்திருப்பர். இவர்கள் வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஆசிரியர், எழுதுவினைஞர், கம்மியர், இல்லத்தரசியர், மாணாக்கர் எனப் பலதிறப்பட்டவர். ஊதியம் எதுவும் பெறாது இவர்கள் செய்துவந்த வேலையினால் உலகத்தார் அறிந்துகொண்டவை பல. அவ்வறிவு எத்தகையது, அது எவ்வாறு கிடைத்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், விண்கலம் கண்ணுக்குத் தெரிவது எங்ஙனம் என்பதை அறிதல் வேண்டும். அதற்கெனத் தனியாக விளக்கொன்று இல்லை. மாலையில் நிலத்திலே நிழல் படர்ந்த பின்னும் கோபுரக் கலசத்திலும் உயர்ந்த பனையின் தலையிலும் வெயில் நிற்றலை யாவரும் கண்டிருப்பர். கலசத்துக்குப் பொருந்துவது விண்கலத்துக்கும் பொருந்தும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் கலத்துக்கு, நிலத்தில் இருள் சூழ்ந்து ஒரு மணி நேரம் ஆன பின்னும் ஞாயிறு மறைவதில்லை. அதன் உடலிலும் சூரிய ஒளித் தகடுகளிலும் பட்டுத் திரும்பும் வெயிலே நிலத்திலுள்ளார் காணும் ஒளி. கலம் பூமியின் நிழலுக்குள் நுழைந்தவுடன் அந்த ஒளி அற்றுப்போகும். நடுவானில் அது மறைவதன் காரணம் இதுவே. நள்ளிரவில் இலங்கை போன்ற நாடுகளிலிருந்து தாழ்வான கலங்களைக் காண இயலாது. மாலைக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் உள்ள சிறுபொழுதே இவற்றைக் காண்பதற்குரிய காலம்.

இனி, இவ்வழக்கம் தோன்றிய வரலாற்றை நோக்குவோம். 1957 யூலை மாதம் முதல் 1958 டிசம்பர் முடியும் வரையுள்ள 18 மாத காலத்தைச் சர்வதேச புவிப்பௌதிக ஆண்டென விஞ்ஞானிகள் வகுத்திருந்தனர். அக்காலத்துள் செயற்கைச் சந்திரன் ஒன்றை வானில் ஏற்றுவதாக அமெரிக்காவும் சோவியத் நாடும் அறிவித்திருந்தன. ஏற்றினால் மட்டும் போதுமா? ஏறியது எங்கே செல்கின்றது என்பதை யார் கண்டு சொல்வது? அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் வானபௌதிக ஆய்வுநிலையத்தின் பணிப்பாளராயிருந்த பிரெட் விப்பிள் இக்கேள்விக்கு இரண்டு விடைகளை வைத்திருந்தார். ஒன்று, உலகின் பன்னிரண்டு இடங்களிற் பெரிய கமெராக்களை நிறுவுவது. மற்றது, பொதுமக்களைக் குழுக்களாகச் சேர்த்து வானத்தைக் காவல் காக்கச் செய்வது. இரண்டாவதற்கு 'மூன்வாச்', அதாவது சந்திரக் காவல், என்று பெயரிட்டார். பயிற்சியில்லாதவர்களை நம்பி விஞ்ஞானம் நடத்தலாமோ என ஐயுற்ற வானியலாளரும் அன்று இருந்தனர். விப்பிள் தம் எண்ணத்தைக் கைவிடவில்லை. அமெரிக்காவிலும் யப்பான் முதலிய பிற நாடுகளிலும் குழுக்கள் அமைந்தன.

அக்குழுக்களின் வேலைமுறை எளியது. ஒவ்வொரு குழுவினரும் வடக்குத் தெற்காக மேசைகளையிட்டு வரிசையாக அமர்வர். மேசைமேல் உள்ள சிறு தொலைகாட்டி, குனிந்து பார்த்தால் வானம் தெரியும்படி கண்ணாடி பொருத்தப்பட்டது. அதன் பெருக்கம் மிகக் குறைவு. ஆனால் அகன்ற வானப் பகுதியைக் காட்ட வல்லது. ஒருவர் பார்க்கும் பகுதி முடியுமுன்னே அடுத்தவர் பார்க்கும் பகுதி தொடங்கும். இவ்வாறு வடதிசை முதல் தென்திசை வரை வானின் குறுக்கே பார்வையினாலே ஒரு வேலி கட்டப்பட்டது. அவ்வேலியைக் கலம் தாண்டும் கணத்தில், கண்டவர் குரல் கொடுப்பர். சிற்றலை வானொலியில் வரும் நேரக் குறிப்பொலியும் அவர் குரலும் ஒரே ஒலிப்பதிவுப் பொறியிற் பதிவாகும். இரண்டையும் ஒப்பிட்டால், எவ்விடத்தை எக்கணத்திற் கலம் கடந்தது என்பது தெரிந்துவிடும். இதற்காக விமானத்திலே மங்கலான விளக்கொன்றைப் பொருத்திப் பறக்கவிட்டு அவர்கள் முன்கூட்டியே ஒத்திகையும் பார்த்திருந்தனர்.

1957 ஒக்டோபர் 4ஆந் திகதி சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏற்றியபோது, பன்னிரண்டு பெருங் கமெராக்களின் வேலை முடிந்திருக்கவில்லை. குழுக்களோ ஆயத்தமாயிருந்தன. 58 சென்ரிமீற்றர் விட்டமும் 83.6 கிலோகிராம் நிறையுமுள்ள அவ்வுருண்டை, 96 நிமிடத்துக்கொரு முறை உலகைச் சுற்றியது. வெறுங் கண்ணுக்கு அது தென்படுவது அரிது. உலகெங்கும் மக்கள் வீதிக்கு வந்து நின்று, ஸ்புட்னிக்கைக் கண்டோமெனக் கூறியது பெரும்பாலும் அதனை ஏற்றிய உந்துகணையின் உடற்பகுதியையே. இந்த வேறுபாட்டை அறிந்து, எதனைக் கண்டோம் என்பதைச் சரியாக எழுதிவைத்தவர்களின் குறிப்புகளே ஆய்வுக்குப் பயன்பட்டன. வியந்து பார்ப்பது வேறு, அவதானிப்பது வேறு என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

அவதானிப்பவருக்கு வேண்டுவன மூன்று: நேரம், இடம், நேர்மை. தாழ்வான சுற்றுப்பாதையிற் செல்லும் கலம் ஒரு செக்கனில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் கடக்கும். ஆதலின், நேரத்தில் ஒரு செக்கன் பிழைத்தால் கலத்தின் இடத்தில் எட்டுக் கிலோமீற்றர் பிழைக்கும். செக்கனிற் பத்திலொரு பங்கு பிழைத்தால் எண்ணூறு மீற்றர் பிழைக்கும். நோக்குபவர் நிற்குமிடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் திட்டமாகத் தெரியாவிடினும் பயனில்லை. இவை இரண்டினும் அரியது மூன்றாவது. குறித்த நேரத்தில் எதுவும் வரவில்லையாயின், 'காணவில்லை' என்று எழுதும் துணிவு வேண்டும். காணாததையும் காணவில்லையென எழுதிய குறிப்பு, கலம் முன்னே சென்றுவிட்டதா, பின்தங்கியதா, அன்றி விழுந்துவிட்டதா என ஆராய்வோருக்குப் பெருந்துணையாகும்.

இத்தகைய காவலின் பயனுக்கு 1962 செப்டெம்பரில் நிகழ்ந்ததொன்று நல்ல சான்று. 1960 மே 15ஆந் திகதி சோவியத் நாடு ஏற்றிய கலமொன்று, மேலை நாட்டார் ஸ்புட்னிக் 4 என வழங்கியது, பூமிக்குத் திரும்ப வேண்டிய வேளையில் திசை பிழைத்து இன்னும் உயர்ந்த பாதைக்குச் சென்றுவிட்டது. ஈராண்டுக்கு மேலாக வானில் அலைந்து, மெல்ல மெல்லத் தாழ்ந்து வந்தது. 1962 செப்டெம்பர் 5ஆந் திகதி விடியுமுன், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரக் குழுவினர், அது தீப்பற்றிப் பல துண்டுகளாகச் சிதறிச் செல்வதைக் கண்டு பதிந்தனர். அம்மாநிலத்து மனிட்டோவொக் நகரில் வீதியின் நடுவே இரும்புத் துண்டொன்று கிடந்தது. அதனைப் பார்த்த காவலர் இருவர், ஏதோ கழிவு இரும்பு என்றெண்ணி வீதியோரம் ஒதுக்கிவிட்டுச் சென்றனர். கலம் எரிந்து வீழ்ந்த செய்தி பரவிய பின்னரே அவர்களுக்கு ஐயம் எழுந்தது. ஏறத்தாழ ஒன்பது கிலோகிராம் நிறையுள்ள அத்துண்டு விண்ணிலிருந்து வந்ததென ஆய்விலே தெளிவாயிற்று. வீழ்ந்த இடத்தைக் காட்டும் வளையமொன்று அவ்வீதியிற் பதிக்கப்பட்டுள்ளது. வானில் ஏற்றியதெல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது என்பதற்கு அது கண்கூடான சாட்சி.

இங்கிலாந்திலோ இக்கலை வேறொரு வகையிற் செழித்தது. பார்ன்பரோ என்னுமிடத்திலிருந்த அரச விமான ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டெஸ்மண்ட் கிங் ஹீல் என்பார், செயற்கைக் கோள்களின் பாதையிலிருந்து பூமியைப் பற்றி அறியும் ஆராய்ச்சியிற் பல்லாண்டு ஈடுபட்டவர். இருகண் தொலைகாட்டியும் நிறுத்தற் கடிகாரமும் கொண்டு தன்னார்வலர் எழுதியனுப்பிய குறிப்புகளை அவர் தம் கணிப்புக்குப் பெரிதும் பயன்படுத்தினார். பூமி முழு உருண்டையன்று. நடுக்கோட்டிற் சிறிது பருத்தும் துருவங்களிற் சிறிது தட்டையாகவும் உள்ளது. நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தினும் ஏறத்தாழ 43 கிலோமீற்றர் பெரிது. இந்தப் பருமன் கோளின் பாதையை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பிவிடும். எவ்வளவு திரும்பியது என்று அளந்தால், பருமன் எவ்வளவு என்பது தெரியும். இவ்வாறு ஸ்புட்னிக் 2 இன் பாதையைக் கொண்டு 1958ஆம் ஆண்டிலேயே பூமியின் வடிவம் பற்றிய பழைய அளவு திருத்தப்பட்டது. அதுபோலவே, கோள் ஒருமுறை சுற்றும் நேரம் எவ்வளவு விரைவாகக் குறைகின்றது என்பதிலிருந்து, மனிதர் எட்டாத உயரத்திலுள்ள காற்றின் அடர்த்தி அறியப்பட்டது. ஞாயிற்றின் சீற்றத்துக்கேற்ப அக்காற்று அடர்ந்தும் ஐதாகியும் மாறுவதும் புலனாயிற்று. முற்றத்தில் நின்று ஒருவர் அழுத்திய கடிகாரத்தால் உலகின் வடிவமே அளக்கப்பட்டது என்பது மிகையாகாது.

கண்ணாற் கண்டவரைப் போலவே காதாற் கேட்டவரும் உளர்; வானொலி நேயர்களுக்கு அவர்கள் கதை உவப்பாயிருக்கும். இங்கிலாந்தின் கெற்றரிங் இலக்கணப் பாடசாலையில் பௌதிகம் கற்பித்த ஜெவ்றி பெரி என்னும் ஆசிரியர், சாதாரண வானொலி வாங்கியொன்றைக் கொண்டு சோவியத் கோள்களின் ஒலிக் குறிப்புகளைத் தம் மாணாக்கருடன் பதிந்து வந்தார். ஒலி எழும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் குறித்தால் பாதையைக் கணிக்கலாம். 1966 மார்ச்சில் ஏறிய கொஸ்மொஸ் 112 என்னும் கோளின் பாதை, அதுகாறும் அறியப்பட்டிருந்த ஏவுதளங்களுக்குப் பொருந்தாமலிருப்பதை அவர்கள் கவனித்தனர். பின்னர் ஏறிய வேறு கோள்களின் பாதைகளையும் நிலவரைபடத்திற் கீறிப் பார்த்தபோது, கோடுகள் வட இரஷ்யாவில் ஓரிடத்திற் சந்தித்தன. பிளெசெற்ஸ்க் என்னும் புதிய ஏவுதளம் அவ்விடத்தே இயங்குவதாக அவ்வாண்டிலேயே அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். அத்தளம் உண்டென்று சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1983ஆம் ஆண்டில். பாடசாலைப் பிள்ளைகள் கரும்பலகையிற் கணித்ததை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளப் பதினேழு ஆண்டு சென்றது.

மூன்வாச் இயக்கம் 1975ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆயினும் பழக்கம் முடியவில்லை. தொலைகாட்டி மலிந்ததால் இன்னும் பரவியது. அதற்கு உதவியவருள் ஜோன் டொப்சன் ஒருவர். சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக வாழ்ந்த அவர், கழித்துவிட்ட பொருள்களைக் கொண்டு பெருந் தொலைகாட்டிகளைச் செய்து, வீதியிற் போவோரை அழைத்து வானத்தைக் காட்டினார். மரப்பலகையால் அமைந்த அவரது தாங்கி, கையால் மெல்லத் தள்ளினாலே எத்திசைக்கும் திரும்பும். விரைந்து செல்லும் விண்கலத்தைத் தொடர்வதற்கு இத்தகைய தாங்கி மிக ஏற்றது.

இன்று முற்றத்திலிருந்து காணத்தக்க கலங்களுள் தலையாயது சர்வதேச விண்வெளி நிலையம். அதன் முதற் பகுதி 1998 நவம்பரில் ஏறியது. 2000 நவம்பர் முதல் மனிதர் அதில் இடைவிடாது வாழ்ந்து வருகின்றனர். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 109 மீற்றர் நீளமுள்ளது. நேர் தலைக்கு மேல் வரும்போது அதன் தோற்றம் சந்திர வட்டத்தின் அகலத்தில் முப்பதிலொரு பங்கு வரை இருக்கும். வெறுங் கண்ணுக்கு அது புள்ளியே. பதினைந்து அல்லது இருபது சென்ரிமீற்றர் வாயகலமுள்ள தொலைகாட்டியிலோ, நடுவே உடலும் இருபுறமும் செம்பொன் நிறத் தகடுகளுமாக, சிறகு விரித்த தும்பி போலத் தோன்றும்.

தோன்றும் என்று சொல்லுதல் எளிது; காண்பது எளிதன்று. தலைக்கு மேல் செல்லுகையில் அது செக்கனுக்கு ஒரு பாகை, அதாவது இரண்டு சந்திர வட்டங்களின் அகலம், கடக்கும். தொலைகாட்டியில் ஒரு பாகை வானமே தெரியுமாயின், அது உள்ளே வந்து வெளியேற ஒரு செக்கனே ஆகும். ஆதலின், பழகியவர்கள் முன்னரே ஒரு விண்மீனைப் பார்த்துத் தெளிவைச் சரிசெய்து, பெருக்கம் குறைந்த கண்ணருகு வில்லையைப் பூட்டி, வழிகாட்டிக் குழாயின் குறுக்குக் கோட்டில் கலத்தை நிறுத்தியவாறு இரு கையாலும் தொலைகாட்டியை நகர்த்துவர். அது கைவராதோர், கலம் கடக்கவிருக்கும் விண்மீனை நோக்கித் தொலைகாட்டியை நிறுத்திக் காத்திருப்பர். முதல் நாளில் ஒன்றும் அகப்படாது. பத்தாம் நாளில் ஒரு கணம் அகப்படும். அந்த ஒரு கணத்துக்காகப் பதினைந்து நாள் பொறுப்பவரே இத்துறையில் நிலைப்பர்.

பொறுமையின் எல்லையைக் காட்டியவர் பிரான்சு நாட்டுத் தியெரி லெகோ. 2006 செப்டெம்பர் 17ஆந் திகதி, அட்லான்டிஸ் என்னும் விண்ணோடம் நிலையத்திலிருந்து பிரிந்து ஒரு மணி நேரமும் ஆகாதபோது, இரு கலங்களும் அருகருகே ஞாயிற்று வட்டத்தைக் கடந்து செல்லும் காட்சியை நோர்மண்டிப் பகுதியில் நின்று படமெடுத்தார். கடப்பதற்கு ஒரு செக்கனும் ஆகவில்லை. எவ்விடத்தில் நின்றால் அக்காட்சி கிடைக்கும் என்பதைக் கணித்து, அவ்விடத்துக்குச் சென்று, அக்கணத்துக்காகக் காத்திருந்தார். இங்கே எச்சரிக்கை ஒன்று கூறுதல் அவசியம். தொலைகாட்டியின் முகப்பு முழுவதையும் மூடும் தகுந்த வடிதகடின்றி ஞாயிற்றை ஒரு கணம் நோக்கினும் கண்பார்வை கெட்டுப்போகும். பிள்ளைகள் இதனை ஒருபோதும் தாமாக முயலலாகாது.

இவ்வளவும் பொழுதுபோக்கு என்று கூறுவோர் உளர். 2010 ஏப்பிரில் 22ஆந் திகதி அமெரிக்க விமானப்படை எக்ஸ் 37பி என்னும் ஆளில்லா விண்ணோடத்தை ஏற்றியது. அதன் பாதை வெளியிடப்படவில்லை. கனடாவிலும் தென்னாபிரிக்காவிலும் தத்தம் வீட்டிலிருந்து பார்த்தவர்கள் ஒரு மாத காலத்துள் அதனைக் கண்டு, பாதையைக் கணித்து அறிவித்தனர். நாட்டின் பாதுகாப்புக்கு உரியதை இவ்வாறு வெளிப்படுத்துதல் தகுமோ என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும், கடலிலும் தரையிலும் நாடுகளுக்கு எல்லையுண்டு, சுற்றுப்பாதைக்கு எல்லையில்லை. ஒரு கலம் ஒரு நாளிற் பல நாடுகளின் கூரைகளைக் கடந்து செல்கின்றது. தன் கூரைக்கு மேல் செல்வதைத் தன் கண்ணாற் கண்டு எழுதுபவன் எவருடைய பூட்டையும் உடைத்தவனல்லன். சாதாரண மனிதன் கண்டுபிடிக்கக் கூடியதை வல்லரசுகளும் கண்டுபிடிக்கும் என்பதும் தெளிவு.

இன்றோ இக்காவலின் தேவை இன்னும் மிகுந்துவிட்டது. 2019 மே மாதத்தில் ஸ்டார்லிங் எனும் இணையத் தொடர்புத் திட்டத்தின் அறுபது கோள்கள் ஒரே உந்துகணையில் ஏற்றப்பட்டன. மறு இரவிலே ஒல்லாந்திற் பார்த்தவர்கள், ஒளிப்புள்ளிகள் புகைவண்டிப் பெட்டிகள் போல வரிசையாகச் செல்வதைக் கண்டனர். அதன்பின் ஏறியவை பல்லாயிரம். தொலைவிலுள்ள மங்கிய பொருள்களைப் படமெடுக்கும் பெரிய ஆய்வுநிலையங்களின் படங்களிற் கோள்களின் ஒளிக்கீற்றுகள் குறுக்கிடுகின்றன. சர்வதேச வானியற் சங்கம் இருண்ட வானத்தைக் காத்தற்கென 2022ஆம் ஆண்டில் ஒரு நடுநிலையத்தை அமைத்தது. எந்தக் கோள் எவ்வளவு ஒளிர்கின்றது, அதனைச் செய்தவர்கள் மங்கச் செய்ததாகக் கூறியபின் உண்மையில் மங்கியதா என்பதை அளப்போருள் தன்னார்வலரும் உளர். வானத்தின் கணக்கை, வானத்தை நிரப்புவோர் மட்டுமே எழுதுவதாயின், அக்கணக்கைச் சரிபார்ப்பவர் யார்? முற்றத்தில் நிற்பவரின் குறிப்புப் புத்தகம் அதற்கொரு விடையாகும்.

இலங்கையருக்கு இத்துறை அந்நியமானதன்று. பூமி சுழலும் வேகத்துக்கு ஒத்துச் சென்று, ஓரிடத்தே நிற்பதுபோலத் தோன்றும் கோள்களால் உலகத் தொடர்பை அமைக்கலாமென 1945ஆம் ஆண்டில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 தொடங்கி 2008இல் மறையும் வரை இத்தீவையே இல்லமாகக் கொண்டவர். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் அக்கோள்களையும் ஓரளவு பெரிய தொலைகாட்டியாற் காணலாம். தொலைகாட்டியை அசைக்காது நிறுத்தினால் விண்மீன்களெல்லாம் மெல்ல மேற்கே நகர்ந்துவிட, இவை மட்டும் நின்றபடி நிற்கும். இலங்கையிலிருந்து பார்ப்பவர்க்கு இவற்றின் வரிசை தலைக்கு மேலே சிறிது தெற்காக அமைந்திருக்கும்.

விண்வெளி நிலையத்தைக் காணவோ தொலைகாட்டியும் வேண்டியதில்லை. அது கடக்கும் நேரத்தை விண்வெளி நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவிக்கின்றன. பாடசாலைகளில் மாணாக்கர் சிலர் சேர்ந்து, வானொலியின் நேரக் குறிப்புக்கு ஏற்பக் கடிகாரத்தைத் திருத்தி, நிலையம் எந்த விண்மீனுக்கு அருகால் எக்கணத்திற் சென்றதென ஓராண்டு எழுதிவருவாராயின், அவர்கள் கற்கும் கணிதமும் பூமிசாத்திரமும் உயிர்பெறும். கண்டதைக் கண்டபடியும் காணாததைக் காணவில்லையென்றும் எழுதும் பழக்கம், வானியலுக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் உதவும். 2030ஆம் ஆண்டளவில் நிலையத்தின் பணியை முடித்து, அதனைப் பெருங்கடலில் வீழ்த்துவதற்குத் திட்டமிட்டுள்ளனர். இன்று கீழ்வகுப்பிற் படிக்கும் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகுமுன் அது வானிலிருந்து நீங்கிவிடும். அது தலைக்கு மேல் செல்லும் காலத்திலேயே, தெளிந்த மாலையொன்றிற் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து அதனைக் காட்டுதல் பெற்றோர் கடனாகும்.